எழுநூறு கஜம்

எங்கள் முகாமில் ஒரே சட்டம்தான்: ரத்தம் வந்தால் வேட்டை முடிந்தது. சுட்ட எல்க் மான் கைக்குக் கிடைத்தாலும் சரி, காட்டுக்குள் தொலைந்தாலும் சரி, சுட்டவன் தன் வேட்டைச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். சட்டம் போட்டது முகாமை நடத்தும் என் அண்ணன் ராய்ஸ். வழிகாட்டி நான்.

அந்த வாரம் காசு கட்டி வேட்டைக்கு வந்தவன் பெயர் ப்ரூஸ்டர். துப்பாக்கி நீளம், அதன்மேல் உலக்கை மாதிரி ஒரு தொலைநோக்கி. ஆள்தான் பத்தடி ஏறினால் மூச்சு வாங்கினான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிடா எல்க் மேய்ந்துகொண்டிருந்தது.

"ஓடையில இறங்கி ஏறிடலாம் சார். காத்து நம்ம மூஞ்சியிலதான் அடிக்குது. இருநூறு கஜத்துக்குக் கிட்டப் போயிடலாம்" என்றேன்.

"எதுக்கும்மா? எழுநூறுன்னு கருவி காட்டுது. இந்தத் துப்பாக்கி ஆயிரத்துக்கே அடிக்கும்."

"துப்பாக்கி அடிக்கும் சார். குண்டு போய்ச் சேர ஒரு நொடி ஆகுமே. அதுக்குள்ள அது ஒரு எட்டு வெச்சுட்டா?"

ராய்ஸ் முறைத்தான். "லோரீன், வாயை மூடு. அவரு சுடட்டும்."

ப்ரூஸ்டர் சுட்டான். எல்க் ஒரு எட்டு வைத்தது. பைனாகுலரில் பார்த்தேன், முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து மரங்களுக்குள் போனது. வயிற்றில் பட்டால்தான் அப்படி நடக்கும்.

"ச்சே, படலை" என்றான் ப்ரூஸ்டர்.

நானும் ராய்ஸும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தரையில் ரத்தம், வயிற்றிலிருந்து வந்த அரைபட்ட பச்சைப் புல்லும் கலந்து. ராய்ஸுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு பூட்ஸால் மண்ணைத் தள்ளி மூடினான்.

"நான் ஒண்ணும் பாக்கலை. நீயும் பாக்கலை. அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்னிருக்காரு."

"நீ போட்ட சட்டம்தானேண்ணா?"

"சட்டமா சோறு போடுது?"

இருட்டில் இனித் தேட முடியாது. அவன் பின்னால் முகாமுக்குத் திரும்பினேன்.

விடிந்ததும் ராய்ஸும் ப்ரூஸ்டரும் வேறு முகட்டுக்குப் போனார்கள். நான் என் பழைய துப்பாக்கியோடு அடிபட்ட எல்க்கைத் தேடிப் போனேன். மரங்களுக்கிடையே படுத்திருந்தது, உயிரோடு. இரவெல்லாம் காலை உதைத்து உதைத்து மண் பள்ளமாகியிருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தது, முடியவில்லை. முப்பது கஜம். கழுத்தில் சுட்டேன்.

கொன்றவள் நான், ஆகவே அதற்குக் கழிந்த சீட்டும் என்னுடையது. வருஷத்துக்கு ஒரு சீட்டு, ஒரு மான்தான். பனிக்காலம் முழுக்க என் பிள்ளைகள் தின்னும் கறி அதுதான். குண்டு கிழித்த வயிற்றின் அழுக்கு இரவெல்லாம் உள்ளே பரவி, பாதிக் கறி நாறிவிட்டது. கழுத்தும் முன்னங்கால்களும் மிஞ்சின. அழுதுகொண்டேதான் அறுத்தேன்.

சாயங்காலம் நான் முகாமுக்குத் திரும்பியபோது ப்ரூஸ்டரின் புது எல்க் கம்பத்தில் தொங்கியது. அவன் கையில் விஸ்கி.

"அட, நீயும் ஒண்ணு அடிச்சியா லோரீன்! எவ்வளவு தூரம்?"

"முப்பது கஜம்."

"முப்பதா!" விழுந்து விழுந்து சிரித்தான். "அதுக்குத் துப்பாக்கி எதுக்கு? கல்லால அடிச்சிருக்கலாமே!"

ராய்ஸும் சேர்ந்து சிரித்தான்.