நாற்பது தப்படி தூரத்தில் ஒரு வால்

நெருப்பில் பட்ட ரோமம் ஒரு நொடி பொன்னாக மின்னியது, பிறகு கரிந்து சுருண்டது. ஹெக்டர் கங்காருவின் பின்னங்கால்களைப் பிடித்து மெல்லப் புரட்டினான். ரோமம் பொசுக்குவதில் அவசரப்படக் கூடாது. ஒரே பக்கத்தை அதிக நேரம் காட்டினால் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தின் வழியாகச் சாறெல்லாம் மணலுக்குப் போய்விடும். கங்காரு சமையலில் தனியாகப் பாத்திரம் கிடையாது. அதன் தோல்தான் பாத்திரம்.

"போன தடவை மாதிரி வெங்காயம் ஏதும் கொண்டாந்திருக்கியா, மச்சான்?" என்றான் லெராய். ஹெக்டரின் மனைவி நினிங்காவுக்குத் தம்பி அவன். "நீ ஓட்டல் வைக்கப் போறேன்னுல்ல ஊரெல்லாம் பேச்சு."

"வாயை மூடிட்டுக் குழியைப் பாரு. கனல் சாம்பல் பூத்திருச்சா?"

"பூத்துக்கிட்டிருக்கு. உன் முகத்தைவிடப் பரவால்ல."

நினிங்கா சிரிக்கவில்லை. நாற்பது தப்படி தள்ளி, முல்கா மரக்கிளைகளை அடுக்கிய காற்றுமறைப்புக்குப் பின்னால் அவளுடைய அம்மா இலவந்தி உட்கார்ந்திருந்தாள். இவர்கள் பக்கம் முதுகு, தெற்கே பார்த்த முகம். காலடியில் டீசல் என்கிற செம்பட்டை நாய்.

இலவந்தியின் முகத்தை ஹெக்டர் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பெயரைச் சொன்னதும் இல்லை. அவள் ஒரு பாதையில் வந்தால் அவன் புதருக்குள் இறங்கி வேறு வழியாகப் போவான். அவளும் அப்படித்தான். அதில் வெறுப்பு எதுவும் இல்லை. நேருக்கு நேர் பார்த்தால் தாங்காத அளவுக்குப் பெரிய மரியாதை அது. அதனால் மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவே பேச வேண்டியதையெல்லாம் இறைச்சிதான் பேசும். மருமகன் வேட்டையாடுவான், முறைப்படி சுடுவான், இன்னொருவர் கொண்டுபோய்க் கொடுப்பார், அவள் சாப்பிடுவாள். சாப்பிட்டால் பேச்சு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேச்சைத்தான் ஹெக்டர் உளறிவிட்டான். தெற்கே சுரங்கத்தில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். சிறுநீரகம் பழுதாகி, ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்காக டவுனிலேயே தங்கிவிட்ட மாமியாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. கங்காருவைத் தோலுரித்துக் கோடாலியால் துண்டு போட்டு, வெங்காயத்தோடு வதக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து அனுப்பினான். கங்காருவைத் தோலுரிக்கக் கூடாது, கண்டபடி வெட்டக் கூடாது. அது முன்னோர் வகுத்த சட்டம். அதன் காரணம், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இலவந்தி டப்பாவைத் திறந்தாள், மூடினாள், தரையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு அவன் கொன்ற எதையும் அவள் தொடவில்லை.

இப்போது அந்த மெஷினை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நான்கு நாளைக்கு ஊருக்கு வந்திருந்தது. அதனால்தான் அவளாலும் வர முடிந்தது. நாளைக் காலையில் லாரி கிளம்பும், அவளும் அதோடு போய்விடுவாள்.

"டவுன்ல அம்மா எதுவுமே சாப்பிடறதில்ல," என்று நினிங்கா அன்று காலையில் சொல்லியிருந்தாள். "வாயில வெச்சா எல்லாம் அட்டை மாதிரி இருக்காம். இன்னிக்கு உன் கையால சாப்பிட்டாத்தான் உண்டு."

ஹெக்டர் பொசுக்கிய தோலைக் குச்சியால் சுரண்டினான். வயிற்றில் சின்னதாக ஒரு கீறல் போட்டுக் குடலை எடுத்து, கூரிய குச்சியைக் கோத்துத் திருகி அந்த வாயை மூடியிருந்தான். சின்னக் கீறலாக இருந்தால்தான் ரத்தம் உள்ளேயே கொதித்துக் குழம்பாகும். பாதங்களை வெட்டி, கால் நரம்புகளை உருவி, வாலைத் தனியே எடுத்தாயிற்று. குழியில் பாதிக் கனலை ஒதுக்கி, உடம்பை மல்லாக்கப் படுக்கவைத்து, வாலைப் பக்கத்தில் நீளமாகக் கிடத்தி, மீதிக் கனலையும் சூடான மணலையும் மேலே இழுத்து மூடினார்கள். பின்னங்கால்கள் மட்டும் மண்மேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, போர்வை குட்டையாகிப்போன ஆள் தூங்குவது போல.

"அம்மாவோட மாத்திரையை வீட்டிலேயே வெச்சிட்டேன்," என்றாள் நினிங்கா. "லெராய், வண்டியைத் தள்ளு வா. ஸ்டார்ட்டர் போயிருச்சு, அங்கேயும் தள்ள ஆள் வேணும்."

"மச்சான் தள்ளட்டுமே."

"அவன் அடுப்பை விட்டு வரமாட்டான். சீக்கிரம் வந்துரலாம்." பிறகு ஹெக்டரிடம் தணிந்த குரலில், "அம்மா தூங்கறாங்கன்னு நினைக்கறேன். அந்தப் பக்கம் திரும்பாதே."

வண்டியின் புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. மதிய வெயிலில் மணலும் வானமும் ஒன்றோடொன்று கரைந்து, தூரத்து மரங்கள் தண்ணீரில் நிற்பதுபோல ஆடின. புகை நேராக எழுந்து, என்னவோ நினைத்துக்கொண்டதுபோல் காற்றுமறைப்பின் பக்கம் சாய்ந்தது. ஹெக்டரின் இமைகள் கனத்தன. மண்மேடு மூச்சு விடுவதாகத் தோன்றியது. கங்காரு போர்வையை விலக்கி எழுந்து, சிவப்பு மணலை உதறி, வாலை ஊன்றி நின்றது. அவனைப் பார்த்தது. பிறகு சத்தமே இல்லாமல் ஒரு தாவல், இன்னொரு தாவல், நாற்பது தப்படியை நான்கே தாவலில் கடந்து, இலவந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து தெற்கே பார்த்தது. இரண்டு முதுகுகள்.

"டீசல், வாசனை மாறிருச்சு."

ஹெக்டர் விழித்துக்கொண்டான். கங்காருவின் கால்கள் மண்மேட்டில்தான் இருந்தன. ஆனால் அவன் நிழல் இடம் மாறி நீண்டிருந்தது. வண்டியைக் காணவில்லை.

"யாராச்சும் மண்ணைத் தள்ளினா தேவலை, டீசல். இன்னும் விட்டா செருப்பாயிரும்."

குரல் காற்றுமறைப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்தக் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவனுக்கு இதுவரை தெரியாது. அவளிடம் பேச அவனுக்கு உரிமை இல்லை. ஆனால் நாயிடம் யாரும் பேசலாம். தலையைக் குனிந்துகொண்டான்.

"டீசல்," என்றான். "கொண்டாந்து குடுக்க ஆளில்லை. லெராய் இன்னும் வரலை."

"லெராய் எவன் வீட்லயோ டீ குடிச்சிட்டிருப்பான். உனக்குத் தெரியாதா, டீசல்?"

"உன்கிட்டக் குடுத்தனுப்பினா வழியிலயே தின்னுடுவே, டீசல்."

"அப்ப பாதி வழியில வைக்கச் சொல்லு. வெச்சிட்டுத் திரும்பிக்கச் சொல்லு."

ஹெக்டர் மண்ணை விலக்கினான். வாலை விரலால் அழுத்தினான். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. சரியான நேரம். ஆறினால் உள்ளிருக்கும் கொழுப்பு கெட்டியாகிப் பல்லில் ஒட்டும். இலைக்கொத்தின் மேல் வாலை வைத்துத் தூக்கிக்கொண்டு, முகத்தை மேற்கே திருப்பி, பக்கவாட்டில் நண்டுபோல் இருபது தப்படி நடந்தான். வைத்தான்.

நாய் எழுந்து வந்து முகர்ந்தது.

"டீசல், தொட்டே, உன் வாலை அடுத்ததாச் சுடுவேன்," என்றான் ஹெக்டர்.

நாய் படுத்துக்கொண்டது. அவன் திரும்பி வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இனி காதுதான்.

ஒரு கால் மிதிக்கும் சத்தம், ஒரு கால் இழுபடும் சத்தம். அவளுக்கு முழங்கால் சரியில்லை. இலைகள் சரசரத்தன. திரும்பிப் போகும் காலடிகள். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில், கவிழ்த்து வைத்த ஒரு டப்பா அவன் கண்முன் வந்து நின்றது.

டப்.

வாலின் கணு கழன்ற சத்தம். வெந்த வாலைத் திருகினால் கணுக்கணுவாகக் கழலும். ஆனால் நாய்க்குப் போடவும் அப்படித்தான் திருகுவார்கள். மறுபடி, டப். மணலில் ஏதோ விழுந்தது. நாய் எழுந்து ஓடியது.

ஹெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கறியோடு விழுந்த எலும்பை நாய் முதலில் சத்தமில்லாமல் இழுத்துத் தின்னும். கறியும் கொழுப்பும் உறிஞ்சப்பட்ட வெற்றெலும்பென்றால் எடுத்த எடுப்பிலேயே நொறுங்கும்.

நொறுக்.

வானம் மிகவும் பெரியதாக இருந்தது. அடுத்த கணு. நிதானமான, நீண்ட உறிஞ்சல். மறுபடி நொறுக். அவன் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டான். தூரத்தில் வண்டியின் உறுமல், வருகிறதா இல்லையா என்று தெரியாமல், வெயிலின் ஓசைபோலக் கேட்டது.

"டீசல்," என்றது அந்தக் குரல், வாய் நிறைந்திருந்ததால் கொஞ்சம் குழறி. "நாளைக்கு வழியில சாப்பிடப் பின்தொடையும் ஒண்ணு வேணும்னு சொல்லு."

"சரின்னு சொல்லு, டீசல்."

டப். இன்னொரு கணு கழன்றது.

"தோலோட."

சிரிப்பை அடக்கியதில் அவன் தோள்கள் குலுங்கின. திரும்பாமலே, மண்மேட்டின் மறுபாதியை விலக்க ஆரம்பித்தான்.