ஜனாஸா அறிவித்தலுக்கு மேலே ஒரு கட்டுரை

குறிஞ்சிப்பிட்டியில் அரசியல் கட்டுரை வாசிக்கிற ஆட்கள் எல்லாரையும் ஒரே முச்சக்கரவண்டிக்குள் ஏற்றிவிடலாம். மௌத்துச் செய்தி, அதுதான் மரண அறிவித்தல், வாசிக்காத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். 'கரைச்சேதி' இணையத்தளத்தை நடத்துகிற நிஸ்ரினுக்கு இது தெரியாததல்ல. தேர்தல் முறையைப் பற்றி ஒரு கிழமை மண்டையை உடைத்து எழுதினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதிலும் ஒருவர் பிழை பிடிக்கவென்றே வருகிறவர். ஒரு ஜனாஸா அறிவித்தல் போட்டுப் பாருங்கள், கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் ஊரே திரண்டு வரும். "நம்மட தளத்த மௌத்தானவங்கதான் காப்பாத்துறாங்க" என்று சிரிப்பான் அவளுடைய கூடப்பிறந்த நானா ஃபஸ்லான். அவனுடைய போன் திருத்தும் கடைக்குப் பின்னால் இருக்கிற அறைதான் கரைச்சேதியின் காரியாலயம்.

அந்தப் புதன்கிழமை மட்டும் ஊர் கட்டுரைக்காகத் திரண்டது. பக்கத்து மாம்புரியில், கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர்கள் தோணி ஏற்றுகிற கடற்கரைக்குப் போகும் பாதையைக் கம்பி வேலி போட்டு அடைத்திருந்தார்கள். ஹோட்டல் வரப்போகிறதாம். ஹோட்டல்காரர் வேறு யாருமில்லை, பிரதேச சபை மெம்பர் அபூசாலியின் மச்சான். அந்த வேலியை அனுமதிப்பதா இல்லையா என்று மறுநாள் காலை சபையில் கை உயர்த்தப் போகிறார்கள். இதையெல்லாம் நிஸ்ரின் பூசி மெழுகாமல் எழுதியிருந்தாள். வேலியைப் பற்றிச் சொன்ன மற்றவர்கள் "நம்மட பேர் வேணாம்" என்று நழுவியபோது, கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி யோசேப்பு மட்டும் முன்னுக்கு வந்தார். "என்ட பேரையும் படத்தையும் போடு பிள்ளை. பேரில்லாத கதைய ஆர் நம்புவான்?" என்றார். கட்டுரை வந்து கொஞ்ச நேரத்துக்குள் சபை உறுப்பினர் ஒருவர் போன் எடுத்து, வேலிக்கு எதிராகத்தான் கை தூக்குவேன் என்று சொல்லிவிட்டார். நிஸ்ரினுக்குத் தலைகால் புரியவில்லை. எழுதினால் இப்படியும் நடக்குமா!

நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி இன்னொரு போன் வந்தது. அபூசாலியின் மனைவி பஹ்மிதா.

"நிஸ்ரின், மாமி மௌத்தாகிட்டாங்க. பின்னேரம் அஸருக்குப் பொறகு அடக்கம். அறிவித்தலப் போட்டுடுங்க. வெளிநாட்டுல இருக்கிறவங்க ஒங்கடத்தத்தான் பாப்பாங்க."

ஜெமீலா மாமி! நிஸ்ரின் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், தினமும் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்த மாமிதான். மகன் அபூசாலியின் அரசியலுக்கும் மாமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தலைத் தட்டிப் போட்டாள்.

சற்று நேரத்தில் ஃபஸ்லான் கடையிலிருந்து ஓடிவந்தான். "என்ன வேலடி செஞ்சு வச்சிருக்கா? பாரு இத!"

பார்த்தாள். யா அல்லாஹ்! மேலே அபூசாலி, ஏதோ திறப்பு விழாவில் நாடா வெட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். 'யாருக்காக இந்த வேலி?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதை ஒட்டினாற்போலக் கீழே அவருடைய உம்மாவின் ஜனாஸா அறிவித்தல். அதிகம் வாசிக்கப்படுவதை மேலே நிறுத்துவது தளத்தின் பழக்கம். அதற்கு நல்லது கெட்டது தெரியுமா?

"கீழ எறக்கேலாதா?" என்றாள்.

"எறக்கினாலும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலதான் நிக்கும். மையத்து வீட்டுல இப்ப எல்லார்ட கையிலயும் போன்தான்."

சாவு விழுந்த மையத்து வீட்டுக்காரரை ஏசுவது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. பரம விரோதியென்றாலும் அடக்கம் முடியும்வரை வாயை மூடிக்கொள்வார்கள். முடிந்த பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசுவார்கள், அது வேறு விஷயம். நிஸ்ரின் யோசிக்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கட்டுரையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதி வைக்கிற புத்தியும் அந்த நேரத்தில் வரவில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு மையத்து வீட்டுக்கு நடந்தாள்.

அங்கே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மாமியின் முகத்தைப் பார்த்ததும் நிஸ்ரின் அழுதுவிட்டாள். பஹ்மிதா வந்து கையைப் பிடித்தாள். "எடுத்துட்டீங்களாமே. அவர் சொன்னார். அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்." நிஸ்ரினுக்கு மனம் ஆறியது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து போனைத் திறந்தாள். 'கரைச்சேதியும் விலைபோயிட்டுது' என்று ஒரு பக்கம். 'பொய்ச் செய்தி, அதனாலதான் பயந்து எடுத்துட்டாங்க' என்று மெம்பரின் ஆட்கள் இன்னொரு பக்கம். காலையில் வாக்குக் கொடுத்த உறுப்பினரும் போன் எடுத்தார். "என்ன தங்கச்சி இது? நீங்களே எடுத்துட்டா நான் என்னத்த வச்சிக் கைய ஒசத்துறது?"

அந்தப் போனை வைக்கும்போதே வாசலில் யோசேப்பு வந்து நின்றார். வெள்ளைச் சட்டையும் சாரமும். காலில் மையவாடி மண்; அடக்குகிற இடத்திலிருந்து நேரே வந்திருந்தார்.

"எங்க பிள்ளை என்ட கதை?"

"ஜனாஸாவுக்காக எடுத்தன், யோசேப்பண்ணன். மையத்து வீட்ட நோகடிக்கக் கூடாதெண்டு..."

"அது சரிதான். நானும் அங்கயிருந்துதான் வாறன். மெம்பர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதார். அழுதுகொண்டே காதுக்குள்ள சொன்னார்: 'பாத்தியா யோசேப்பு, நிஸ்ரினே எடுத்துட்டா. அவ எழுதின மாதிரி நான் ஒண்டும் சொல்லேல்ல எண்டு நீயும் ஒரு சொல் சொல்லிடு. நாளைக்கு வேலை லேசாப் போயிடும்.'"

"மையத்து வீட்டுலயா? அவர் அழுதது நடிப்பா அப்ப?"

"இல்ல பிள்ளை. அழுததும் மெய்தான், கேட்டதும் மெய்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உம்மாவ முதல்ல அடக்குங்க எண்டன்." அவர் சாரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "நான் கோவிக்க வரேல்ல. எடுக்கிற நேரம் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இப்ப மாம்புரியில பொய்க்காரன் ஆர்? நான்."

நிஸ்ரினுக்குச் சுருக்கென்றது. மௌத்தானவரின் மரியாதையைப் பார்த்தாள், மெம்பரின் மரியாதையையும் பார்த்தாள். தன்னை நம்பிப் பெயரைத் தந்த மனிதரை மட்டும் மறந்துபோனாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறென்ன சொல்ல?

"அடக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மண் போட்டாச்சு. ஆக்களும் திரும்பிட்டினம்."

அவள் கணினிக்கு முன்னால் இருந்தாள். சிரிக்கிற படத்தைத் தூக்கிவிட்டு வேலியின் படத்தைப் போட்டாள். கட்டுரையின் தலையில் எழுதினாள்: 'இதில் பேசப்படும் உறுப்பினரின் தாயார் இன்று காலமானார். அவரை அடக்கும்வரை, அவருக்கான மரியாதைக்காக இதை எடுத்து வைத்திருந்தோம். ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒரு சொல்லும் மாறவில்லை. காரணம் சொல்லாமல் எடுத்தது எங்கள் தவறு. யோசேப்பு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.'

"இண்டைக்கே போடணுமா?" என்றான் ஃபஸ்லான். "நாளைக்குப் பாத்துப் போடேலாதா?"

"நாளைக்கு காலைல கைய ஒசத்திடுவாங்க, நானா."

போட்டாள். யோசேப்பு தன் போனில் திறந்து, எழுத்துக் கூட்டி, முழுதையும் வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் நிஸ்ரினின் போன் அடித்தது. அபூசாலி.

"என்ட உம்மாட கபுறு மண் இன்னும் காயல்ல, நிஸ்ரின்." அழுது அழுது அடைத்துப்போன குரல். அதைக் கேட்டதும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஓம் நானா. மாமிக்காக நான் துஆ கேட்டுட்டுத்தான் இருக்கன்."

"அப்ப அத எடு."

"மாமிக்காக ஒருக்கா எடுத்தன்" என்றாள் நிஸ்ரின். "ஒங்களுக்காக எடுக்க மாட்டன்."