வரையாமல் விட்ட கண்

மருத்துவமனையிலிருந்து வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அக்கா வாய் திறந்து கேட்டாள்.

"நீதானே அவனைப் பாத்த. வரைஞ்சு குடு."

பிரசவ அறுவை சிகிச்சை மயக்கம் அவளுக்குத் தெளிவதற்குள் அடக்கம் வரை எல்லாம் முடிந்துவிட்டது. மாமா பார்க்க மறுத்துவிட்டார். குழந்தையைப் பார்த்தது அம்மாவும் நானும்தான். யாரும் புகைப்படம் எடுக்கவில்லை.

பூச்சிகளை ஆராயும் கூடம் ஒன்றில் நான் படம் வரைகிறேன். நுண்ணோக்கியில் தெரிவதை மையில் வரைய வேண்டும். தெரியாததை வரையக் கூடாது. கால் ஒடிந்த வண்டு வந்தால், அந்தக் கால் இருக்கவேண்டிய இடம் வெள்ளையாகவே அச்சாகும்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்த முடி. இடது காதின் மடிப்பு. மூக்கு. மடங்கிய விரல்கள். சுற்றியிருந்த துணிக்குக் கோடே போடவில்லை. கழுத்தடியில் கொஞ்சம் நிழல் வைத்தேன். மிச்சத் தாள் தானாகத் துணியாகிவிட்டது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"மூக்கு அப்படியே அவர் மூக்கு. பாவம் பிள்ளை" என்று சிரித்தாள். பிறகு விரலை வைத்தாள். "கண்ணு எங்கடி?"

"விட்டிருக்கேன்."

"கொசுவுக்கு மீசை ஒண்ணு விடாம வரைவ. என் பிள்ளைக்கு ரெண்டு கண்ணு வரைய மாட்டியா, பூச்சி?"

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் எனக்கு வைத்த பெயர் அது.

"திறந்த மாதிரியே போடேண்டி. உன் கை தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"ஆமா. ஒரு மணி நேரம் இருந்தானாம். கண்ணத் திறந்து சுத்திச் சுத்திப் பாத்தானாம். அம்மாதானே சொன்னா." அக்காவின் குரல் உடைந்தது. "என்னைத்தான்டி தேடியிருப்பான். பிள்ளை தேடுறப்ப நான் கட்டை மாதிரி கிடந்திருக்கேன்."

அம்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. தினமும் அக்கா அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

மை பட்ட இடத்தில் வெள்ளை திரும்பி வராது. பேனாவை எடுத்தேன். அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். இமைக்கு ஒரு கோடு. இன்னொரு இமைக்கு ஒரு கோடு. மூடிய கண்கள்.

"தூங்குறானா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"அவன் உன்னைத் தேடலக்கா. பிறக்கும்போதே அவனுக்கு மூச்சு இல்ல."