காரணம் சொல்லும்வரை சன்னலோரம்

மொன்றியல், 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 9.10. வெளியே நான்கு பாகை, தூறல். இப்படிப் பலகையில் குறித்துவிட்டுத்தான் சாம்பவி பாடம் தொடங்குவாள். அன்று பின்வரிசையைப் பார்த்தபடியே எழுதியதில் ஒன்பதின் வால் கோணிவிட்டது.

ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் அவள் நடத்தும் இலக்கணப் பாடம் அடுத்த ஆண்டு நிலைக்குமா, நீக்கப்படுமா என்று தீர்மானிக்கத் துறைத்தலைவி மாக்கிரட் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆங்கிலத்தோடு பிறந்தவர்களுக்கு இலக்கணம் எதற்கு, காது போதாதா என்பது அவருடைய பழைய கேள்வி. தீர்மானப் படிவம் கையொப்பமின்றி மடியில் கிடந்தது.

வகுப்பில் ஒரே சட்டம்: "கேட்க அப்படித்தான் சரியாயிருக்கு" என்பவர் குளிரடிக்கும் சன்னலோரம் போய் நிற்கவேண்டும். காரணம் சொன்னால்தான் இருக்கை. பிள்ளை ஏன் என்று கேட்கும்போது காதைக் காட்டுகிற ஆசிரியரைச் சாம்பவிக்குப் பிடிக்காது.

இருபது நிமிடத்தில் ஏழு பேர் சன்னலில். ஏழு பேரும் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். நகரின் வில்லரேப் பகுதியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தை விதி விதியாகக் கற்ற றொஷினி மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் மாக்கிரட் கேட்டார்: 'இன் த மோர்னிங்' என்கிறோம், 'அட் நைட்' என்கிறோம், ஏன் இந்த வேறுபாடு?

"அது அப்படித்தான் வரும்," என்று சாம்பவியின் வாய் முந்திக்கொண்டது.

றொஷினி தமிழில், மெல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மிஸ், நீங்களும் சன்னலுக்குப் போங்கோ."

தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கிவிட்டது. சட்டம் போட்டவளே சட்டத்தில் மாட்டினாள் என்று சிரிப்பு வெடித்தது. பாடம் போச்சுது என்று நினைத்தபடியே அவள் போய் நின்றாள். அங்கிருந்தே, மரியாதை குறையாமல், அதே கேள்வியை மாக்கிரட்டிடம் திருப்பினாள். ஐம்பத்தெட்டு வருடம் ஆங்கிலம் பேசிய அந்த வாயிலிருந்தும், "கேட்க அப்படித்தான் சரியாயிருக்கு," என்றுதான் வந்தது. மாக்கிரட் படிவத்தோடு எழுந்து வந்து அவளருகில் நின்றார்.

பிறகு வகுப்பு அடங்கவில்லை. காலைக்குள் நாம் நடமாடுகிறோம், இரவைத் தூங்கிக் கடப்பதால் அது வெறும் புள்ளி என்றான் ஒருவன். துறைமுகத்தில் இரவுவேலை செய்யும் என் அப்பா எந்தப் புள்ளியில் நிற்கிறார் என்று றொஷினி மடக்கினாள். நேரம் முடிந்தும் ஒருவரும் பையைத் தொடவில்லை. மாக்கிரட்டின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கடைசியில் அவர் படிவத்தைச் சன்னல் கண்ணாடியில் வைத்து, 'காரணம்' என்ற கட்டத்தில் 'நல்ல பாடமாகப் படுகிறது' என்று எழுதினார். சாம்பவி அந்தக் கட்டத்தின் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினாள். எழுதியதை அவர் வெட்டினார். 'எனக்கே விடை தெரியவில்லை. ஆகவே இப்பாடம் கட்டாயம்' என்று திருத்தி, கையொப்பமிட்டு, அவளிடம் நீட்டினார்.