பழைய அளவு

தையல் கடையில் அவளுக்குப் பேர் கத்திரி. துணி வெட்டுகிறவள் என்பதால் மட்டும் இல்லை, வாயும் அப்படித்தான். பழைய சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இதே அளவுக்குத் தைச்சிடும்மா" என்று எவராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"அந்தச் சட்டை தைச்சப்ப இருந்த ஆள் வேற சார், இப்ப நிக்கிற ஆள் வேற. கையைத் தூக்குங்க."

கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, அளந்து முடித்த பிறகுதான் மறுவேலை. இந்தப் பெருமைக்காரிதான், பாவம், ஒரு பஸ் சீட்டுக்காக மாதக்கணக்கில் ஏங்கிச் செத்துக்கொண்டிருந்தாள்.

சீட்டு என்ன பெரிய சிம்மாசனமா? ரெக்ஸின் கிழிந்து, ஸ்பிரிங் குத்துகிற சீட்டு. ஆனால் பக்கத்தில் உட்காருகிறவன் இஸ்திரிக்காரன், அதே கடையில் துணிகளுக்குப் பெட்டி போடுகிறவன். இருவருக்கும் ஒரே பஸ். அவன் முந்தி ஏறி, ஜன்னலோரத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பான். ஒருநாள் அசதியில் அவள் அவன் தோளில் தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போயிற்று. மடையன் எழுப்பவே இல்லை. கேட்டதற்கு, "அப்படித் தூங்குறவளை எப்படி எழுப்புறது?" என்றான். அந்தத் தோளில் அப்போதுதான் பெட்டி போட்ட துணியின் சூடு இருந்தது.

அதன் பிறகுதான் அவளுடைய குடல் நோய் முற்றி ஆபரேஷன் ஆனது. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனி மலம் அதன் வழியாகத்தான். அதை வாங்கிக்கொள்ள வயிற்றில் ஒட்டிய ஒரு பை. ஒட்டுகிற வட்டத்தின் நடுவே ஓட்டையை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி நர்ஸ் அளவெடுத்து ஓர் அட்டை வெட்டிக் கொடுத்திருந்தார். பை மாற்றும்போதெல்லாம் அந்த அட்டையை வைத்து வெட்டுவாள், கூரையைப் பார்த்துக்கொண்டே தடவி ஒட்டுவாள், சட்டையை இழுத்து மூடுவாள். அந்தச் சிவப்புச் சதையை மட்டும் பார்க்க மாட்டாள். பார்த்தால் அது தன்னுடையதாகிவிடும் என்று ஒரு வீம்பு. அவளுக்கு வேண்டியது பழைய வயிறு. குப்புறப் படுக்கிற வயிறு, வெட்டுமேசையில் சாய்ந்துகொள்கிற வயிறு. அதை நினைத்துக் குளியலறையில் அழுவாள்.

சரி, ஒட்டியது ஒழுங்காக நின்றதா? முதலில் நின்றது. பிறகு கசிய ஆரம்பித்தது. கடையில் முதல் தடவை ஏப்ரனில் ஈரம் பரவியது. சட்டென்று கையிலிருந்த டீயை அதே இடத்தில் கொட்டிக்கொண்டாள். மறுவாரமும் அதே கூத்து. பொத்தான் தைக்கிற அக்கா விடுவாளா?

"டீயை வாயால குடிக்கணும்டி. வயித்துக்கு நேரா ஊத்துறவளை இப்பத்தான் பாக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

பஸ்ஸில் கதவோரமே நிற்கத் தொடங்கினாள். "உள்ள வந்து உக்காரேன்" என்பான் இஸ்திரிக்காரன். "எனக்குக் காத்து வேணும்" என்பாள். ஜன்னலோரத்தில் டப்பா மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். அவள் கண் முழுக்க அந்தத் தோளில்தான் இருக்கும்.

ஒரு சாயங்காலம், கடை மூடும்போது அவன் நேராகவே கேட்டுவிட்டான்.

"என் மேல கோபமா?"

"சேச்சே."

"அன்னிக்குத் தோள்ல தூங்க விட்டது தப்பாப் போச்சா? வாயைத் திறந்து சொல்லு. உனக்குச் சங்கடமா இருந்தா நாளையிலேருந்து நான் வேற பஸ்ல போய்க்கிறேன்."

அவளுக்குப் பகீரென்றது. தள்ளி நின்று பார்க்கவாவது முடிந்தது, அதற்கும் வேட்டா?

"ரொம்பத்தான் அலட்டிக்காத. போய் இடம் பிடி" என்றாள்.

பிடித்தான். அவள் ஜன்னலோரம், அவன் அவளுக்கு வலப்பக்கம். தோளும் தோளும் பட்டன. அடடா, அதே சூடு! இதற்குத்தானே இத்தனை நாள் தவித்தாள். இரண்டு ஸ்டாப் போவதற்குள் வேறொரு சூடு அடிவயிற்றில் ஊர்ந்தது.

"என்ன நாத்தம்டா சாமி இது!" என்றார் பின்சீட்டுக்காரர். "பிள்ளை வச்சிருக்கவங்க யாராவது பாருங்கப்பா."

யாரோ மூக்கைப் பொத்தினார்கள். யாரோ ஜன்னலைத் தள்ளினார்கள். அவள் கைப்பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் விழுந்தடித்து இறங்கினாள். அவனும் குதித்தான்.

"கிட்ட வராத! டீ கொட்டிருச்சு."

"பஸ்ல ஏது டீ?"

அவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"உன் ஏப்ரனுக்குப் பெட்டி போடுறது யாரு? நான்தானே" என்றான். "துவைச்ச துணியா இருந்தாலும் சூடு பட்டா உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். டீக்கு அந்த வாசனை கிடையாது. ஆபரேஷன் பண்ண புண்ணு இன்னும் ஆறலையோன்னு நினைச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"தெரிஞ்சுமா இடம் பிடிச்ச?"

"ஆமா."

அங்கேயே, நடுத்தெருவில், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் முகம் சுளிக்கவில்லை. 

"ஒட்டுறது ஏன் நிக்க மாட்டேங்குது?"

"தெரியலையே. அளவு பார்த்துத்தான் வெட்டுறேன்."

"எப்ப எடுத்த அளவு?"

"ஆஸ்பத்திரியில..." 'வீக்கம் வத்த வத்த இது சுருங்கும்மா, மறுபடி அளந்துக்கோ' என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. அட மடச்சி! ஊருக்கெல்லாம் கையைத் தூக்கச் சொன்னவள், தன்னை மட்டும் அளக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிரே பெட்ரோல் பங்க். அவன் வாசலில் நின்றுகொண்டான். கழிப்பறையில், கண்ணாடிக்கு முன்னால், அவள் பையைக் கழற்றி, வயிற்றைக் கழுவித் துடைத்துவிட்டு முதல் முறையாகக் குனிந்து பார்த்தாள். அட்டை சொன்னதைவிட எவ்வளவோ சின்னதாகியிருந்தது. அதைச் சுற்றி, மூடாமல் விட்ட தோல் வெந்து கிடந்தது. கழுத்திலேயே கிடந்த டேப்பை எடுத்துப் படாமல் பிடித்து அளந்தாள்.

"இப்ப நிக்கிற ஆள் வேற" என்று கண்ணாடியிடம் சொன்னாள். பழைய வயிறு வராது. சொல்லிவிட்டதால் ஏக்கம் ஒன்றும் குறையவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கைப்பையிலிருந்த புதுப் பையைப் புது அளவில் வெட்டி ஒட்டினாள். கூடவே அம்மா திணித்து வைத்திருந்த மாற்றுத் துணியை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த பஸ்ஸில் அவன் வழக்கம்போல ஜன்னலோரத்தில் டப்பாவை வைத்தான்.

"எடு அதை. நீ ஜன்னல் பக்கம் போ."

"உனக்குத்தானே ஜன்னல் பிடிக்கும்?"

"எனக்கு வலப்பக்கம் பை இருக்கு. தோள் இடப்பக்கம் வேணும்."

எதிர்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். அவன் நகர்ந்தான். அவள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை மட்டும் சட்டைக்கு மேலாகப் பையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. காய்ந்தே இருந்தது.

அவள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. அவள் தூங்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். இருவரும் எழுந்திருக்கவில்லை.