வெள்ளைப் பனியனில் விழுந்த கறை

என் வீட்டுக்காரர் மருதாசலம் யாரையும் நம்ப மாட்டார். நூல்காரன் எடையில் ஏய்க்கிறான், சலவைப் பட்டறைக்காரன் துணியை மாற்றுகிறான், பால்காரி தண்ணீர் ஊற்றுகிறாள் என்று நாளெல்லாம் யாரையாவது சந்தேகப்பட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல்யாணமான புதிதில் என்னையும் விட்டுவைக்கவில்லை. உப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று கேட்ட மனுஷன் அவர். ஆனாலும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கூலிக்குப் பனியன் தைத்து, பிசிறு வெட்டி, திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பெனியைத் தன் கையாலேயே எழுப்பியவர். ஏமாந்து ஏமாந்து மேலே வந்ததில் சந்தேகமும் ஒரு தொழில் மாதிரி அவருக்குப் படிந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தபோது அதையும் முதலில் நம்பவில்லை. காலையில் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்போம். நீலமாகவே நின்றால் நிம்மதி. செங்கல் நிறத்துக்குப் போனால் வம்பு. செங்கல் நிறம் வந்த நாளெல்லாம் மருந்துக் கடைக்காரன் கலப்படம் செய்துவிட்டான் என்பார். ஒரு நாள் சர்க்கரை டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஈறெல்லாம் வீங்கியிருக்கிறது, உடனே பல் டாக்டரைப் பாருங்கள் என்று கோயமுத்தூருக்கு அனுப்பினார்.

நானும் கூடப் போனேன். பல் டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். பல்லையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, மற்றவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் போதும், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஈறும் கெட்டிருக்கிறது, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுங்கள் என்றார். ஈறு கெட்டிப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இந்த நோய் வலிக்காமலே பல்லைத் தின்னும் என்றார். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றிவிடும், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று எனக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அறிவேன். விலை படியாத வியாபாரியிடம் ஆட்டுகிற ஆட்டல் அது.

பஸ் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்.

“அந்த டாக்டரு இவருகிட்ட அனுப்பறாரு, இவரு மூணு மாசத்துக்கு ஒருக்கா வான்றாரு. நூல் புரோக்கருக்கும் மில்லுக்காரனுக்கும் நடக்கற கமிசன்தான் புள்ள இது. வலிக்காத பல்லுக்கு எவனாச்சும் வைத்தியம் பாப்பானா?”

நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது, வருஷமும் ஓடிப்போனது. போகவே இல்லை. நான் ஞாபகப்படுத்தினால், உனக்கும் அந்த டாக்டர் கமிசன் தருகிறாரா என்பார். தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்போதுதான் கறை வந்தது. கல்கத்தா வியாபாரி ஒரு பண்டல் பனியனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பால் மாதிரி வெளுத்த பனியனில், அடி மடிப்பின் ஓரத்திலும் கைப்பக்கத்திலும் கடுகளவு பழுப்புப் பொட்டு. சலவைப் பட்டறையில் இரும்புத் துரு பட்டிருக்கிறது என்று அந்தப் பட்டறைக்காரனோடு சண்டைக்குப் போனார். அவன் துரு எடுக்கிற மருந்தை ஊற்றித் தேய்த்துக் காட்டினான். கறை அசையவில்லை. ஒரு பனியனை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பொம்பளைக்குத் தெரியாத கறையா? இது ரத்தமுங்க என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே வேண்டாம்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் பெண்களின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். ஊசி குத்தியிருக்கிறதா, கத்தரி பட்டிருக்கிறதா என்று சோதனை. யார் விரலிலும் காயம் இல்லை. அப்படியானால் எவளோ வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினார். பிசிறு வெட்டுகிற ஒவ்வொருத்தியின் பனியன் கட்டிலும் ஒவ்வொரு கலர் நூலைக் கட்டச் சொன்னார். மயிலாளுக்குப் பச்சை நூல்.

மயிலாள் முதலிபாளையத்திலிருந்து வருகிறவள். புருஷன் இல்லை. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எங்களிடம்தான் இருக்கிறாள். அதிர்ந்து பேசமாட்டாள். அவள் வேறொரு கம்பெனி வாசலில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்து இவர் காதில் போட்டுவிட்டார்கள். தங்கச்சி மகளுக்கு வேலை கேட்கப் போனேனுங்க என்று அவள் சொன்னாள். இவர் நம்பினால்தானே? அன்றிலிருந்து பச்சை நூல் கட்டியதெல்லாம் நேராக இவர் மேஜைக்கு வர வேண்டும், இவரே ஒவ்வொரு பீஸாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அயர்னுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. நடந்தது என்ன தெரியுமா? பச்சை நூல் கட்டில்தான் கறை மேலும் மேலும் வந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று வீட்டுக்கு வந்து என்னிடம் குதித்தார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகும்போது நானும் பார்த்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மயிலாள் வெட்டிய பனியனைப் புரட்டுவார். எங்காவது ஒரு நூல் விட்டுப்போயிருந்தால் அப்படியே வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்து இழுப்பார். கத்தரி பக்கத்திலேயே கிடக்கும், அதைத் தொட மாட்டார். கூலிக்காரனாக இருந்த காலத்துப் பழக்கம். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. தலையணை உறையில் சிவப்பாக இருந்தபோதும் தோன்றவில்லை. சாயங்காலமானால் வெற்றிலை போடுகிற மனுஷன், அதுதான் வழிந்திருக்கும் என்று துவைத்துப் போட்டுவிட்டேன்.

இடையில் வியாபாரியைச் சமாதானம் செய்ய அவரே கல்கத்தா போனார். அவர் ஊரில் இல்லாத நாள் முழுக்க ஒரு பனியனில்கூடக் கறை இல்லை. திரும்பி வந்தவரிடம் அதைச் சொன்னேன். கொஞ்சமாவது யோசிப்பார் என்று பார்த்தேன்.

“நா பாக்கோணும்னே பண்றா. நா இல்லாதப்ப பண்ணி என்ன பிரயோசனம் அவளுக்கு?” என்றார்.

சனிக்கிழமை அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தி அனுப்பிவிடப் போவதாகவும், மற்ற கம்பெனிக்காரர்களிடமும் சொல்லிவைக்கப் போவதாகவும் சொன்னார். சரக்கைக் கெடுக்கிறவள் என்று பேர் வந்துவிட்டால் திருப்பூரில் எந்தக் கம்பெனி அவளை உள்ளே விடும்? அவளுக்கு வேறு எந்த வேலை தெரியும்?

அந்தச் சனிக்கிழமை காலையில் புதுச் சட்டை போட்டார். வெள்ளைச் சட்டை. கையில் பித்தான் ஓரம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் வெயில் அந்தக் கைமேல் விழுந்தது. கடுகளவு சிவப்பு. காலை நேரம், வாயில் வெற்றிலை இல்லை. அடி ஆத்தி என்று நின்றுவிட்டேன். கூப்பிட நினைப்பதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

நான் போனபோது மயிலாள் மேஜைக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள். மற்ற பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். இவர் பச்சை நூல் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உண்ட வீட்டுக்கே கெடுதல் பண்ணுகிறாயே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் நேராகப் போய், இன்னும் யாரும் தொடாத கட்டிலிருந்து ஒரு பனியனை உருவினேன். அடி மடிப்பில் நூல் தொங்கியது.

“ஏனுங்க, இந்தப் பிசிறைக் கொஞ்சம் கடிச்சு உடுங்க.”

என்னை முறைத்தார். இத்தனை பேர் முன்னால் என்ன விளையாட்டு என்ற முறைப்பு. நான் கையை எடுக்கவில்லை. என்னைத் துரத்திவிட்டால் போதும் என்று வாங்கி, டக்கென்று கடித்து நீட்டினார். அதை மேஜைமேல் விரித்து வைத்தேன். அந்த இடத்தில் ஈரமாகச் சிவந்த ஒரு பொட்டு.

மெஷின் ஓட்டுகிறவன்கூட மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். வெத்தல, என்று ஆரம்பித்தார் இவர். இன்னும் போடலீங்களே என்றேன். விரலை ஈறில் வைத்து எடுத்தார். விரல் நுனி சிவப்பாக இருந்தது. அந்த விரலையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகத்தான் பார்த்தார். மயிலாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை கோயமுத்தூர் போனோம். பல் டாக்டர் ஈறை அழுத்தினார், சீழ் வந்தது. கீழ்ப் பல் இரண்டு ஆடியது. எடுக்க வேண்டியதுதான், ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கை வைக்க முடியாது, முதலில் அதை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். போன வருஷம் சொன்னபடி வந்திருந்தால் இந்த இரண்டு பல்லும் இருந்திருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கமிசன் பேச்சை எடுக்கவில்லை. சர்க்கரை இறங்கி, பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகு, டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மூணு மாசம்னா எந்தத் தேதிங்க?”

அதற்குள் நான் முதலிபாளையம் போய் மயிலாளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. நான் எழுந்திருக்கப் போகும்போதுதான் சொன்னாள்.

“வர்றேனுங்க அம்மிணி. ஆனா இனி என்ற கட்டுல மொதலாளி வாய் வெக்கக் கூடாதுங்க.”

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார். இது வேறு ஆட்டல்.

இப்போது மேஜைமுன் உட்கார்ந்தால் கத்தரி அவர் கையில்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு தானாகவே பஸ் ஏறிவிடுகிறார். நீல மருந்தும் முன்பு மாதிரி செங்கல் நிறத்துக்குப் போவதில்லை. ஆனால் அவர் பார்த்து முடித்த பனியன் எதுவும் நேராக அயர்னுக்குப் போவதில்லை. மயிலாள் எடுத்துக்கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து, அடி மடிப்பையும் கைப்பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவரே கேட்டதை என் காதால் கேட்டேன்.

“இருக்குதா மயிலா?”

அவள் நிமிராமல் அடுத்த பனியனை விரித்தாள்.

“இன்னிக்கு இல்லீங்க.”