மூணுபீலி ஆபீசுக்கு வந்த நெருப்புக்காய்ச்சல்

2006ஆம் ஆண்டு மாசி மாதம் மூணுபீலித் தோட்டத்து ஆபீஸ் கட்டடத்துக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது, டாக்டர்மார் டைபாய்ட் என்கிற அதே காய்ச்சல். நூற்றுமூன்று டிகிரி. தோட்டத்து டிஸ்பென்சர் கந்தப்பன் வெளிச்சுவரில் தெர்மாமீட்டரை அழுத்திப் பிடித்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. நம்பாதவர்களுக்காக உட்சுவரிலும் வைத்துப் பார்த்தார், அங்கே அரை டிகிரி கூட. காலையில் கொஞ்சம் தணியும், பொழுது சாய்ந்தால் ஏறும், நடுநடுவே குளிர் கண்டு தகரக் கூரை கடகடவென்று நடுங்கும். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி கணேசமூர்த்தி அந்த மலைக்குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியனோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். தோட்டத்தை நடத்துகிற துரை சுவரைத் தொட்டார், கையை உதறினார், மின்கம்பிக் கோளாறு என்று கொழும்புக்கு எழுதினார். கொழும்புக்கு எழுதிவிட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆட்கள் துரைமார்.

கட்டடத்துக்கு மட்டும் வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாயிற்று. வேடிக்கை பார்க்கிற மனநிலையில் தோட்டத்தில் ஒருவரும் இல்லை.

நிலக்ஷி அந்தத் தோட்டத்துப் பெண். ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்து, அக்கரப்பத்தனைப் பக்கத்துச் சுகாதாரப் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுடைய அம்மா காளியாயி இன்னமும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பணிமனையில் ஒரு கம்ப்யூட்டரும், கொழும்புக் கம்பெனி ஒன்று ஒரு வருடம் இலவசம் என்று கொடுத்த வரைபட மென்பொருளும் இருந்தன. நோயாளியின் விலாசத்தை அடித்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். படம் பளபளவென்று இருந்தது. பெரிய டாக்டர் பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர், அந்தப் படத்தை நம்பினார். படம் ஆபீஸைக் காட்டியதால் ஆபீஸ் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மருந்து போடச் சொன்னார். மூன்று முறை கழுவினார்கள். தொட்டி பளிங்காகிவிட்டது, காய்ச்சல் நிற்கவில்லை.

ஒரு நாள் கணேசமூர்த்தி பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தார். “ஏம்மா நிலக்ஷி, நீ இப்ப ஏதாச்சும் கம்ப்யூட்டர்ல அடிச்சியா?”

“ஆமாங்கய்யா. நாலு பேர அடிச்சேன்.”

“நெனச்சேன். இங்க சுவத்துல சாஞ்சிருந்தேன், முதுகு வெந்து போச்சு. நீ அடிக்கிற அன்னைக்கெல்லாம் இதுக்கு ஏறுதும்மா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தோட்டத்துக்கு வந்த அத்தனை புள்ளியும் ஒன்றன் மேல் ஒன்றாக ஆபீஸ் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்த எவரையும் நிறுத்தி விலாசம் கேளுங்கள். பேர், தோட்டத்துப் பேர், ஆபீஸ், அக்கரப்பத்தனை என்பார்கள். கப்பலில் வந்த பாட்டன் காலத்திலிருந்து கடிதம் ஆபீசுக்குத்தான் வரும், காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூடும்போது பேர் சொல்லிக் கொடுப்பார்கள். லயத்துக்குத் தெரு இல்லை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்றிருக்கிற காம்பராவுக்குக் கதவிலக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், போலீஸ் கேட்டாலும் அதே பதில்தான். நிலக்ஷியும் அதையே கேட்டு, அதையே அடித்து, ஒரு நாளும் தப்பு என்று நினைத்ததில்லை. அவளுடைய அடையாள அட்டையிலும் அதுதானே இருக்கிறது!

அந்த வாரமே காளியாயி மலையில் சுருண்டு விழுந்தாள். கூடையோடு தூக்கி வந்து, லொறியில் போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குடல் ஓட்டையாகும் கட்டம், சொல்ல முடியாது என்றார்கள். நிலக்ஷி பணிமனைக்குத் திரும்பி வந்து, அழுதுகொண்டே அம்மாவின் பேரை அடித்தாள். விரல் தானாக ஓடி விலாசத்தில் ஆபீஸ் என்று அடித்துவிட்டது. அங்கே மூணுபீலியில் ஆபீஸ் கண்ணாடி ஜன்னல்கள் பட்பட்டென்று வெடித்தன. இங்கே அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவள் பிறந்தது நாலாம் லயத்துக் காம்பராவில். அம்மா இன்னமும் குடியிருப்பது அங்கேதான். சொந்த மகளே அவளை ஆபீசில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சீ, நானெல்லாம் ஒரு பிள்ளையா என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

புள்ளியை இழுத்து லயத்தில் வைக்கப் பார்த்தாள். நகரவில்லை. அந்த மென்பொருளில் கம்பெனி எழுதிக் கொடுத்த ஊர்கள் மட்டுமே உண்டு. மூணுபீலிக்கு ஒரே ஓர் இடம், ஆபீஸ். மற்றதெல்லாம் பச்சை நிறம், அதற்கு மேல் ‘தேயிலை’ என்ற எழுத்து. கம்பெனிக்காரனைக் கேட்டால், புதிய இடம் சேர்க்க எங்களால்தான் முடியும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றான். அடுத்த பதிப்பு எப்போது? அடுத்த வருடம். எரிச்சலில் அவள் போனையே கடித்திருப்பாள்.

ஹட்டனில் இணையக் கடை வைத்திருந்தவனிடம் கெஞ்சி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து மாற்றலாம் என்று உலகத்தார் பொதுவில் வைத்திருக்கும் திறந்தமூல மென்பொருள்களில் மூன்றைக் குறுந்தட்டில் பதிந்து வாங்கி வந்தாள். முதலாவது அழகி, ஆனால் நாள் முழுக்க இணையம் கேட்டது. மழை தூறினாலே தொலைபேசி செத்துப்போகிற ஊரில் அது ஆகாது. இரண்டாவதற்குப் படம் காட்ட ஒரு பக்கம் கட்டளை அடிக்க வேண்டும், அவளுக்குப் பிறகு வருகிறவர் ஓடியே போவார். மூன்றாவது பழைய கம்ப்யூட்டரில் முக்கி முனகி ஓடியது, இணையம் கேட்கவில்லை, தமிழ் எழுத்தை ஏற்றுக்கொண்டது, எங்கே வேண்டுமானாலும் இடம் குறிக்க விட்டது. இதுதான் என்று டாக்டரிடம் போனாள்.

“பிள்ளை, சும்மா கிடைக்கிற சாமானை நம்பி நான் நோய்க்கணக்கு அனுப்பேலுமே? நாளைக்குப் பிழைச்சுதெண்டால் ஆரைக் கேக்கிறது?” என்றார் பரமலிங்கம்.

“இப்ப பிழையாத்தான் இருக்குங்க சேர். யாரைக் கேட்டோம்? அந்தப் படத்துல எங்க அம்மா இல்லீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தன் ஜீப்பையும், நில அளவைக்காரரிடம் இரவல் வாங்கிய இடத்தைக் குறிக்கிற கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் கொடுத்து, “போய்க் குறிச்சுக்கொண்டு வா, வாறது வரட்டும்” என்றார்.

ஜீப் போகாத பாதையில் அவள் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, மேலே சுற்றுகிற செய்மதியின் சிக்னல் அகப்படும்வரை கருவியை வானத்துக்கு நீட்டினாள். பேச்சியம்மா வாசலில் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டாள்: “ஏன்டி, என்னாடி எங்க வாசல்ல வந்து மானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற?”

“நம்ம காம்பரா எங்கன இருக்குன்னு மேல சொல்றேன் அக்கா.”

“நல்லா சொல்லு. அப்படியே கூரை ஒழுகுறதையும் சொல்லிப்புடு, அடுத்த மழை வரப்போகுது!”

பணிமனைக்கு வந்து நோயாளிகளை ஒவ்வொருவராக அவரவர் காம்பராவில் வைத்தாள். ஒரு புள்ளி நகர, ஆபீஸ் ஒரு படி ஆறியது. கணேசமூர்த்தி சட்டை போட்டார், பிறகு கம்பளி போட்டார், பிறகு குளிருது என்று ஜன்னலுக்கு அட்டை கேட்டார். கடைசியாக அம்மாவை நாலாம் லயத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தால், புள்ளிகள் எல்லாம் நடுப்பீலியைச் சுற்றிக் கூடி நின்றன. மலையூற்றைக் குழாய் வைத்து இறக்கிய மூன்று பீலிகளில் அது ஒன்று. அதற்கு மேல்தான் பழைய கக்கூஸ் குழி இடிந்து கிடந்தது. “ஐயோ, இவ்வளவு நாளும் நாங்கள் கழுவினது எதை!” என்று டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

குழியை மூடச் சொன்னார், பீலியையும் அடைக்கச் சொன்னார். அதை அடைத்தால் நாலு லயம் எதைக் குடிக்கும் என்று தோட்டத்தில் கேட்டார்கள். அந்தப் பேச்சு முடிவதற்கு முன்பே பீலி தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆபீஸை விட்டு இறங்கிய காய்ச்சல் எங்கேயாவது போக வேண்டுமே, போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. விடிகாலையில் குடம் வைத்த பெண்கள் ஆவென்று அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நடுப்பீலியில் தண்ணீர் கொதித்துக்கொண்டு விழுந்தது, தளபுளவென்று, மலைச்சரிவெல்லாம் ஆவி. டாக்டர் போத்தலில் பிடித்து அனுப்பினார். கிருமி ஒன்றுகூட இல்லை என்று பதில் வந்தது. அடைக்கும் உத்தரவைத் திரும்பப் பெற்று, “கொதித்த நீர், ஆறவைத்துக் குடிக்கவும்” என்று பலகை அடித்தார். அதன் பிறகு லயங்களில் ஒருவரும் புதிதாகப் படுக்கவில்லை.

கம்பெனிக்காரன் வருட முடிவில் வந்து தன் குறுந்தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். ராகலையிலும் பூண்டுலோயாவிலும் இருந்து ஆட்கள் வந்து நிலக்ஷியிடம் அந்த மூன்றாவது மென்பொருளைக் கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள், தங்கள் லயங்களைத் தாங்களே குறித்துக்கொண்டார்கள். ராகலைப் பக்கம் ஒரு பீலியில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதாம். அங்கே காய்ச்சலில் படுத்தவர் ஒருவர்தானாம், ஒரு காய்ச்சலுக்கு எவ்வளவு சூடு வரும்!

அதற்கெல்லாம் முன்பே, அந்தப் பங்குனிக் கடைசியில் காளியாயி வீடு வந்தாள். அவளை உயிரோடு பார்ப்போம் என்று நிலக்ஷி நினைக்கவே இல்லை. எலும்பும் தோலுமாக, தலைமயிர் கொட்டி, பஸ்ஸை விட்டு இறங்கியவள் காம்பராவுக்குப் போகாமல் நேரே, மகள் சொல்லியிருந்த நடுப்பீலிக்கு நடந்தாள். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து இரண்டு கோப்பையை எடுத்து, தேயிலைத் தூளைப் போட்டுப் பீலியில் நீட்டிப் பிடித்தாள். ஆவி பறக்க ஒன்றை மகளிடம் கொடுத்தாள். நிலக்ஷி ஒரு மிடறு குடித்துவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“ஏன்டி, வாயச் சுட்டுக்கிட்டியா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“ஊதிக் குடி” என்று சொல்லிவிட்டு, காளியாயி தன் கோப்பையை ஊதத் தொடங்கினாள்.